ஓரின் மேஜையைத் தட்டினான்

எனக்கு நல்ல சீட்டு வந்தால் ஒளித்து வைக்கத் தெரியாது. கையில் இரண்டு சீட்டு இருக்கும். மேஜை நடுவில் முதல் மூன்று சீட்டைத் திருப்பிப் போடுவார்கள். அதோடு என்னுடையது பொருந்தியதென்றால் உடனே பெட் கட்டிவிடுவேன். வேண்டுகிறவன் போட்டுவிட்டு வரட்டும், வேண்டாதவன் சீட்டை எறிந்துவிட்டுப் போகட்டும். மைல்ஸ் சிட்டியில் எங்கள் புதன்கிழமை மேஜையில் இது எல்லோருக்கும் தெரியும். "லவோன் கைல என்ன இருக்குன்னு பார்க்க எனக்குக் கண்ணாடி கூட வேண்டாம்" என்பார் கிளெம். எழுபத்தைந்து வயது மாட்டு டாக்டர். அவர் வாயை மூடி நாங்கள் பார்த்ததில்லை.

ஓரின் வேறு ரகம். அவனுக்குப் பெரிய சீட்டு விழுந்தால் முகம் சாதுவாகிவிடும். விரல் முட்டியால் மேஜையை இரண்டு தட்டு தட்டுவான். 'செக், நான் ஒன்றும் கட்டவில்லை, உங்கள் பாடு' என்று அர்த்தம். எதிரில் இருப்பவன் இவனிடம் ஒன்றுமில்லை என்று நம்பித் தைரியமாகக் கட்டுவான். கட்டிய பிறகு வாங்கிக் கட்டிக்கொள்வான். பதுங்கினால் எதிராளிக்கு ஓசியில் அடுத்த சீட்டைப் பார்க்கக் கொடுக்கிறாய், அதுவே உன்னைக் கவிழ்க்கும் என்பது என் கட்சி. கட்டினால் எல்லோரும் ஓடிவிடுவார்கள், அப்புறம் யாரிடம் வாங்குவாய் என்பது அவன் கட்சி. இதைப் பேசியே எத்தனையோ பானை காபி குடித்திருக்கிறோம்.

நான் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலைப் பிள்ளைகளை இறக்கிவிட்ட பிறகு மூன்று மணி வரை பொழுது என்னுடையது. ஓரினுக்குத் தானியக் கிடங்கில் புதன்கிழமை விடுப்பு. பாரின் பின்னறை மேஜையில் பத்தொன்பது வருடங்களாகச் சேர்ந்து உட்காருகிறோம். அவன் என்னைவிட மூன்று வயது சின்னவன். கிளெம் எங்களைப் புருஷன் பொண்டாட்டி என்று கேலி செய்வார். என் கணவரும் அவன் மனைவி ஜோலீனும் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள்.

முதல் வருடம் அவன் என்னையும் அப்படித்தான் பிடித்தான். மேஜையிலிருந்ததோடு மூன்று ராஜா சேர்ந்திருந்தும் தட்டு, தட்டு, தட்டு. நான் இருந்ததையெல்லாம் கட்டித் தோற்றேன். தோற்றதுகூடப் பெரிதில்லை. அவன் சிரித்த சிரிப்பு எனக்கு ஆகவில்லை. மூன்று வாரம் அவனோடு பேசவில்லை. ஜனவரி மாதம், மூச்சு உறைகிற குளிர், பேருந்துக் கொட்டகையில் என் வண்டி கிளம்பாமல் செத்துக் கிடந்தது. பேட்டரிக் கம்பியோடு வந்து நின்றவன் ஓரின்தான்.

வண்டி கிளம்பியதும் போகாமல் நின்றான். "லவோன், நமக்குள்ள இந்தப் பதுங்கல் வேண்டாம். மத்தவன்கிட்ட எப்படி வேணா ஆடிக்கலாம். நீயும் நானும் மட்டும் ஆட்டத்துல மிஞ்சினா, யாருக்கு நல்ல சீட்டோ அவங்க முதல் மூணு சீட்டுலயே கட்டிடணும். இன்னொருத்தர் எறிஞ்சிட்டுப் போயிடணும். தட்டினா, நிஜமாவே ஒண்ணும் இல்லைன்னு அர்த்தம்."

"சத்தியமா?"

"குளிர்ல நிக்க வச்சு சத்தியம் வேற கேக்குறே" என்றான். கையுறையைக் கழற்றிக் கை கொடுத்தான்.

அன்றிலிருந்து அப்படித்தான். நான் கட்டினால் அவன் இன்னொரு முறை பார்க்காமல் எறிவான். அவன் கட்டினால் நான் எறிவேன். இது ஆட்ட விதிக்கு விரோதம் என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். மேஜையில் மற்றவர்களுக்கும் தெரியும். சின்ன ஊர், சின்ன ஆட்டம், யாரும் கண்டுகொள்ளவில்லை. எனக்கு அது சீட்டாட்டமாகவே இல்லை. உலகத்தில் ஒரே ஒரு ஆளின் தட்டு பொய் சொல்லாது என்று தெரிவது எவ்வளவு நிம்மதி என்று எனக்குத்தான் தெரியும்.

போன மே மாதம் பில்லிங்ஸில் ஒரு போட்டி வைத்தார்கள். அறுபத்துச் சொச்சம் பேர். ஜெயிக்கிற ஒருவருக்கு மட்டும் லாஸ் வேகஸில் நடக்கிற பெரிய போட்டியில் ஓர் இடம். எனக்கு அந்த இடம் வேண்டியிருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், வேறெதையும் நான் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை. அறுபது வயது நெருங்குகிறது. முப்பது வருடம் ஊரார் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறேன். ஒரே ஒரு முறை அந்தப் பெரிய கூடத்தில் என் பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. ஓரினுக்கும் ஆசை உண்டு என்று தெரியும். யாருக்குக் கிடைத்தாலும் இரண்டு குடும்பமும் சேர்ந்து போவோம் என்று பேச்சு.

அவனுடைய பிக்கப் வண்டியில்தான் போனோம். நூற்று நாற்பத்தைந்து மைல். வழியில் ஃபோர்சைத் ஊரைத் தாண்டும்போது கேட்டேன். "ஏண்டா ஓரின், இது போட்டி. நாம ரெண்டு பேரும் எதிரெதிரா மாட்டிக்கிட்டா எப்படி?"

"எப்பவும் போலத்தான்" என்றான். கண்ணைச் சாலையிலிருந்து எடுக்கவில்லை.

"இல்ல, வேண்டாம்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"எப்பவும் போலத்தான்னு சொன்னேனே. அந்த டோனட்டை எடு."

நான் எடுத்துக் கொடுத்தேன்.

மதியம் மூன்றரை மணிக்கு அறுபது பேரில் மூன்று பேர் மிஞ்சினோம். கிரேட் ஃபால்ஸிலிருந்து வந்த தொப்பிக்காரர் ஒருவர், ஓரின், நான். தொப்பிக்காரர் முன்னால், பணத்துக்குப் பதில் வைக்கிற சில்லு மலையாகக் குவிந்திருந்தது. எங்கள் இரண்டு பேரிடமும் சுமார்தான். அப்போது எனக்கு ஆஸும் ராணியும் வந்தது. தொப்பிக்காரர் எறிந்துவிட்டார். ஓரின் கொஞ்சம் ஏற்றினான், நானும் போட்டேன். இருவர் மட்டும் மிஞ்சினோம்.

சீட்டுப் போடுகிற பெண் மூன்றையும் திருப்பினாள். ராணி, ஒன்பது, நான்கு. மேஜையில் பெரிய சீட்டு ராணிதான். என்னிடம் அதற்கு ஜோடி, பக்கத்தில் ஆஸ்.

முதலில் பேச வேண்டியவன் ஓரின். அவன் வலது கை சில்லுக் குவியல் பக்கம் போனது. நான் நன்றாகப் பார்த்தேன். நாலைந்து சில்லை விரலுக்கிடையில் எடுத்தும்விட்டான். 'சரி, அவன் கட்டப்போகிறான், நான் எறிய வேண்டும்' என்று நினைத்தேன். அந்த ராணியை விட மனமில்லை. ஆனாலும் எறிந்திருப்பேன். பிறகு அந்தக் கை நின்றது. சில்லை வைத்தது. திரும்பி வந்து மேஜையை இரண்டு தட்டு தட்டியது.

அதைப் பார்த்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? சுமாரான சீட்டை வைத்துக்கொண்டு என்னைப் பயமுறுத்த அவனுக்கு மனம் வரவில்லை, எனக்கு வழிவிடுகிறான் என்று நினைத்தேன். இவனைப் போல ஒரு சிநேகிதன் யாருக்கு வாய்ப்பான் என்றுகூட நினைத்தேன். இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தொப்பிக்காரர் எதிரில் இருந்திருந்தால் நானும் யோசித்திருப்பேன். கட்டுவதா, தட்டிவிட்டு அடுத்த சீட்டைப் பார்ப்பதா என்று. ஓரினிடம் யோசிக்க ஒன்றுமில்லை. நல்ல சீட்டு இருந்தால் கட்ட வேண்டும், அதுதான் பேச்சு. மிஞ்சியிருந்த சில்லுக்கு அரைகுறையாகக் கட்டிப் பயனுமில்லை. எல்லாவற்றையும் நடுவில் தள்ளினேன்.

"கால்" என்றான் ஓரின். 'நானும் அவ்வளவு போடுகிறேன்' என்று அர்த்தம். நான் கையை எடுப்பதற்குள் சொல்லிவிட்டான்.

சீட்டைத் திருப்பினான். ஒன்பது, ஒன்பது. மேஜையிலிருந்ததோடு சேர்த்து மூன்று ஒன்பது. அடுத்த இரண்டு சீட்டும் எனக்கு உதவவில்லை. சீட்டுப் போடுகிற பெண் என் சில்லையெல்லாம் அவன் பக்கம் ஒதுக்கினாள். என்னிடம் இருந்ததைவிட அவனிடம் கொஞ்சம் கூடுதல். என் ஆட்டம் முடிந்தது, நான் எழுந்துவிட வேண்டியிருந்தது. அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. சில்லை அடுக்கிக்கொண்டிருந்தான்.

வந்ததோ அவன் வண்டியில். அதனால் வாகன நிறுத்தத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். அவன் வெளியே வரும்போது கையில் ஒரு பெரிய உறை இருந்தது. அந்த இடம் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

முப்பது மைல் வண்டி ஓடியது. பிறகு அவன் ஆரம்பித்தான். "லவோன், அது போட்டி. அங்க அப்படி ஆடினாத்தான் நியாயம். நாம பேசி வச்சு ஆடறது தெரிஞ்சா ரெண்டு பேரையும் வெளிய அனுப்பியிருப்பாங்க."

"காலையில இதே சாலையில கேட்டேன். எப்பவும் போலன்னு சொன்னே."

"அப்ப அப்படித்தான் நினைச்சேன்."

"எப்ப மாத்தினே?"

கொஞ்ச தூரம் போனதும், "கட்டத்தான் போனேன்" என்றான். "நிஜமா. கைல எடுத்துட்டேன்."

"பார்த்தேன்டா" என்றேன். "நீ எனக்காக விட்டுக் கொடுக்கறேன்னு நினைச்சேன்."

ஃபோர்சைத்தில் சாப்பிட ஆப்பிள் பை வாங்கித் தருகிறேன் என்று வண்டியை நிறுத்தினான். நான் இறங்கவில்லை. பெரிய போட்டிக்கு நீங்களும் வாருங்கள், ஹோட்டல் செலவு என்னுடையது என்றான். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜூலையில் அவனும் ஜோலீனும் மட்டும் போனார்கள். இரண்டாம் நாளே தோற்றுத் திரும்பிவிட்டான் என்று கிளெம் சொன்னார். சந்தோஷப்படுவேன் என்று நினைத்தேன். ஒன்றும் வரவில்லை.

கோடை முழுக்க அந்தப் பின்னறைப் பக்கம் நான் போகவில்லை. செப்டம்பரில் பள்ளி திறந்தது. காலைப் பேருந்து நடை முடிந்தால் வீட்டில் எத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவது? ஒரு புதன்கிழமை போய் என் பழைய நாற்காலியில் உட்கார்ந்தேன். ஓரின் எதிரில் இருந்தான். "வா லவோன்" என்றான். தலையாட்டினேன். கிளெம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன, தாய் வீட்டுக்குப் போன பொண்டாட்டி திரும்பி வந்தாச்சா?" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

ஒரு மணி நேரம் கழித்து எனக்கு ஏழு ஜோடி வந்தது. மூன்று சீட்டைத் திருப்பினார்கள். ராஜா, ஏழு, இரண்டு. என்னிடம் மூன்று ஏழு. கிளெமும் மற்றவர்களும் ஏற்கனவே எறிந்திருந்தார்கள். எதிரில் ஓரின் மட்டும்.

தட்டலாம் என்று தோன்றியது. இரண்டு தட்டு, அவன் எனக்குச் செய்ததை அப்படியே அவனுக்கு. முட்டியை மடக்கியும் விட்டேன். மேஜை வரை போன கை என் பேச்சைக் கேட்கவில்லை. அவன் எப்படியிருந்தாலும் நான் ஜனவரிக் குளிரில் கொடுத்த வாக்கு என்னுடையதுதானே. சில்லை எடுத்துக் கட்டினேன்.

கட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அவன் இனி எறிந்துவிடுவான், நான் இந்தச் சின்னக் குவியலை இழுத்துக்கொள்வேன் என்று இருந்தேன். பத்தொன்பது வருடம் அதுதான் நடந்தது.

ஓரின் எறியவில்லை. என் முகத்தைப் பார்த்தான். என் கையைப் பார்த்தான். முன்பின் தெரியாத ஆளை அளப்பது போல அளந்தான். பிறகு சில்லைப் போட்டான்.

நான்காவது சீட்டு வந்தது. மறுபடி கட்டினேன். மறுபடி போட்டான். ஐந்தாவது சீட்டுக்கு என்னிடம் இருந்ததையெல்லாம் தள்ளினேன். சிறிது யோசித்துவிட்டு அதற்கும் "கால்" என்றான். அவனிடம் ஒரு ராஜா, அவ்வளவுதான்.

என் ஏழுகளைத் திருப்பி வைத்தேன். கிளெம் விசிலடித்தார். மேஜையில் இருந்தவர்கள் சில்லை என் பக்கம் தள்ளினார்கள். எனக்கு அதைத் தொடப் பிடிக்கவில்லை.

"முதல் மூணு சீட்டுலயே கட்டினேனேடா" என்றேன். "சொல்லிட்டேனே உனக்கு."

ஓரின் தன் ராஜாவை விரலால் சுற்றிக்கொண்டிருந்தான். "கட்டினே" என்றான். "நீயும் பொய்யாக் கட்டப் பழகியிருப்பேன்னு நினைச்சேன்."

கடிகாரத்தில் இரண்டே காலாகியிருந்தது. பிள்ளைகளை ஏற்ற நேரமாகிவிட்டது என்று எழுந்தேன். உண்மையில் இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது.