தங்கராசு ஊறல்

1

இந்தக் கதை என் அப்பாவின் மயக்கத்திலிருந்து பிறந்தது. வில்லியனூருக்கு மேற்கே ஒரு சர்க்கரை ஆலையில் அவர் கூலி, பெயர் இருசப்பன். 1956 கோடையில், கரும்புச் சாறு சுண்டவைக்கும் பெரிய கலனுக்குள் இறங்கி, குழாய்களில் கல்லாக இறுகிய பக்கை இரும்புக் கம்பியால் சுரண்டிக்கொண்டிருந்தவர், வெக்கை தாங்காமல் சுருண்டு விழுந்தார். கயிறு கட்டித்தான் தூக்கினார்கள்.

(முதலில் இப்படித் தொடங்கினேன்: "பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடமான அந்தக் கோடையில், வரலாறு தன்..." விட்டுவிட்டேன். வரலாறு காத்திருக்கும். அப்பா கலனுக்குள் கிடக்கிறார்.)

2

கதாநாயகன் அப்பா அல்ல. ஆலையின் கெமிஸ்ட் தங்கராசு; பாகூர்க்காரர், சென்னையில் ரசாயனம் படித்தவர். அவரைச் சாந்தமானவராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அப்பாவிடம் கேட்டேன்.

"கோவக்காரருதான். ஆனா எங்க மேல இல்ல. அந்தப் பக்கு மேல."

சரி, கோபக்காரர். சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் கறுப்புப் பாகைத் தண்ணீரில் கரைத்துப் புளிக்கவிட்டு, அதில் பக்கு பிடித்த குழாய்த் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தார். புளிப்பு, பக்கை இளக்கியது, பித்தளையை அரிக்கவில்லை. கலனையே ஊறவைத்துவிடலாம் என்று மேனேஜர் சம்மந்தத்திடம் போய் நின்றார்.

"இன்னாய்யா, ஆலைக்குள்ளயே சாராய ஊறல் போடப் போறியா?"

"ஆமா சார். ஆளு உள்ள போயி சாவறதுக்கு இது தேவல."

"குழாய் ஓட்ட வுழுந்தா?"

"என்ன வேலைய வுட்டு அனுப்பிடுங்க."

3

ஊறவைத்தார்கள். ஊரெல்லாம் நாற்றம். [போலீஸ்காரர் ஒருவர் மோப்பம் பிடித்து வருவதாக ஒரு பக்கம் எழுதி, நானே சிரித்து, அடித்துவிட்டேன். அப்படி யாரும் வரவில்லை.]

வடித்ததும் அப்பா இறங்கப் போனார். தங்கராசு தோளைப் பிடித்து நிறுத்தினார். எரியும் விளக்கொன்றைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினார். அணைந்தது. புளிப்பில் கிளம்பிய கெட்ட காற்று அடியில் தேங்கியிருந்தது.

"பாத்தியா இருசப்பா? நீ போயிருந்தா உனக்கும் இதான்."

கலனைத் தண்ணீரால் நிரப்பி வடித்து, கீழ்க்கதவைத் திறந்து, மின்விசிறி வைத்துக் காற்றடித்தார். மறுபடி இறக்கிய விளக்கு நின்று எரிந்தது. அப்போதும் அப்பாவை விடவில்லை. தானே முதலில் இறங்கினார்.

சத்தமே இல்லை. மேலே நின்ற சம்மந்தம், "தங்கராசு... யோவ் தங்கராசு..." என்று கூப்பிட்டுக் குனிந்தபோது, உள்ளே (இந்த வாக்கியத்தை முடிக்க இன்றும் பயம்.)

பிறகு ஒரு கை வெளியே நீண்டது. உள்ளங்கை நிறைய பக்கு, நனைந்த அப்பளம்போல.

"பிரஷ் போதும் சார். கம்பிய தூக்கி எறிங்க."

சம்மந்தம் அதை வாங்கி விரலால் நசுக்கிப் பார்த்தார். "என் சர்வீஸ்ல இத நான் பாத்ததில்ல" என்று எல்லாத் தொழிலாளிகளுக்கும் கேட்கும்படி சொன்னார். அப்பாவுக்குத் தானே கண்டுபிடித்ததுபோல நெஞ்சு நிமிர்ந்ததாம்.

4

இரண்டு முடிவுகள் எழுதிவைத்தேன். ஒன்றில், மற்ற ஆலைகள் தங்கராசுவை அழைத்து மாலை போடுகின்றன. இன்னொன்றில், யாரோ ஒரு பெரிய மனிதர் அந்த முறைக்குத் தன் பெயரைச் சூட்டிக்கொள்கிறார். அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன்.

"நாங்க தங்கராசு ஊறல்னுதான் சொல்லுவோம். எவன் பேரு வெச்சா எங்களுக்கு இன்னா?"

ஆகவே முடிவு உங்கள் பொறுப்பு. ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். அடுத்த வருடம் அந்தக் கலனுக்குள் இறங்கியவர்கள் அத்தனை பேரும் தாங்களாகவே ஏறி வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டார்கள்.