கிளட்சுக் கம்பி

ரிப்பேர் என்று நான் சொல்லி அனுப்பியது இரண்டே இரண்டுதான். பிரேக் ஆயில் ஒழுகுகிறது, அதைச் சரிபண்ணணும். டிரைவர் காலடியில் தகரம் துருப்பிடித்துக் கீழே ரோடு தெரிகிறது, அதை வெட்டிவிட்டு வேறு தகரம் பற்றவைக்கணும். இதைத் தவிர என் மாரிஸ் மைனர் காரில் ஒரு ஸ்குரூவைத் தொட்டாலும் கையை முறிப்பேன் என்று அண்ணனிடம் சிரிக்காமல்தான் சொன்னேன்.

அண்ணன் வைகுண்டராஜுக்குப் போடி பஜாரில் ஏலக்காய்க் கடை. மதுரையில் தெரிந்த ஒர்க்‌ஷாப் இருக்கிறது, செலவு என்னுடையது என்று அவனாகவே வந்து வண்டியை வாங்கிக்கொண்டு போனான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அண்ணன் தானாக முன்வந்து செலவு செய்ததாகச் சரித்திரமே கிடையாது.

மேகமலை எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது எங்கள் அப்பா ஞானசிகாமணி வாங்கிய வண்டி அது. எனக்கு இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சின்ன வயதிலேயே போய்விட்டது. கிளட்சை மிதிக்க இடது கால் வேண்டும். எனக்கு இருபது வயதானபோது அப்பா ஒரு பழைய லாரியின் ஹேண்ட்பிரேக் கம்பியைக் கம்பம் ஊர்க் கொல்லர் ஒருவரிடம் கொடுத்து, அடித்தகரத்தில் துளை போட்டு, கிளட்ச் பெடலோடு இணைத்துத் தந்தார். மேல் முனையில் சைக்கிள் கைப்பிடி ரப்பர். வலது கையால் கம்பியை அமுக்குவேன், இடது கையால் கியர் போடுவேன், அந்த ஒரு நொடி ஸ்டீயரிங்கை முழங்கை பார்த்துக்கொள்ளும். தேனியில் என் ஜவுளிக்கடைக்கும் சர்ச்சுக்கும் கடமலைக்குண்டு சந்தைக்கும் அப்படித்தான் போய்வந்தேன். என்னைக் கொஞ்சம் கொண்டுபோய் விடுங்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை.

டீசல் எஞ்சின் போடு, மைல் காட்டுகிற மீட்டரைத் தூக்கிப்போடு என்று ஊரில் யோசனை சொல்லாத ஆள் இல்லை. வேலையைப் பாருங்கப்பா என்று விரட்டியிருக்கிறேன். வண்டி வந்தபடியே இருக்கட்டும். ஓடுவதற்கு எது வேண்டுமோ அதை மட்டும் செய்தால் போதும்.

வண்டி வந்துவிட்டது, வந்து பார் என்று அண்ணன் ஆள் அனுப்பினான். பஸ் ஏறிப் போடிக்குப் போனேன். அவன் வீட்டு வாசலில் கல்யாணப் பெண் கணக்காக மினுமினுவென்று நின்றது. கதவைத் திறந்து உட்கார்ந்து கையை நீட்டினேன். கை வெறும் காற்றில் போய் விழுந்தது. கம்பி இல்லை. கீழே புதுத் தகரம், அதில் ஒரு துளைகூட இல்லாமல் பெயிண்ட் அடித்திருந்தார்கள்.

"கம்பி எங்கண்ணே?"

"எடுக்கச் சொல்லிட்டேன் பாப்பா. ஒரிஜினலா இருக்கணும்னு நீதான உசிர விடுவ? இந்தா பாரு, அப்பா வண்டி வாங்குன அன்னைக்கு எடுத்த போட்டோ. இதத்தான் ஒர்க்‌ஷாப்ல குடுத்தேன். அச்சு அசலா அப்படியே பண்ணிட்டாக."

நாற்பத்திரண்டு வயதிலும் நான் அவனுக்குப் பாப்பா.

"அப்ப நான் எப்படி ஓட்டுறது?"

"நீ எதுக்கு ஓட்டணும்? டிரைவர் போட்டுத் தாரேன். மகாராணி கணக்கா பின்னால உக்காந்து வா."

எனக்கு உள்ளங்கால் முதல் உச்சி வரை பற்றிக்கொண்டு வந்தது. நான் போட்ட சத்தத்தில் அண்ணன் பெண்டாட்டி அன்னத்தாய் ஓடி வந்தாள். "தெருவுல கத்தாதீக. நாளைக்கு நம்ம மக ஜெபமணிக்கு நிச்சயம் பண்ண உத்தமபாளையத்துக்காரக வாராக. ஒவ்வொண்ணையும் துருவித் துருவிக் கேக்குறாக. கம்பியப் பாத்தா இது யாருக்கு, எதுக்குன்னு பேச்சு வரும். நாளப்பின்ன பிள்ளைக்கும் கால் இப்படி ஆயிருமோன்னு..." பாதியில் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஆக, ஒரிஜினலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. சம்பந்தி கண்ணில் நான் படக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். நான் காய்ச்சலில் விழுந்ததற்கும் இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைக்கும் என்ன சம்பந்தம்? இதுகூடத் தெரியாதவனா ஏலக்காயை மோந்து பார்த்தே தரம் சொல்கிறான்?

கம்பியை எங்கே போட்டீர்கள் என்று கேட்டேன். கைத்தடியை ஊன்றிக்கொண்டு நானே தேடிப் போனேன். வீட்டுக்குப் பின்னால் குடோன். ஏலக்காய் மூட்டைகளுக்கு மேலே ஜன்னல் கதவு காற்றில் மூடிக்கொள்ளாமல் இருக்க, என் கம்பியை முட்டுக்கொடுத்து வைத்திருந்தார்கள். ரப்பரில் என் விரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருந்தது. உருவி எடுத்தேன். கதவு படாரென்று அடித்துக்கொண்டது. அழுகை வந்தது, அழவில்லை.

திரும்பி வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்து கம்பியை மடியில் வைத்துக்கொண்டேன். "வெல்டரக் கூப்பிடு. இது ஏறாம நான் இறங்க மாட்டேன்."

"புதுத் தகரத்துலயா ஓட்ட போடுவாக? கிறுக்குப் பிடிச்சிருச்சா உனக்கு? பொண்ணு கல்யாணம் நின்னு போனா நீ பதில் சொல்லுவியா?"

"கம்பியப் பாத்து ஓடுறவன் இன்னைக்கே ஓடட்டும்." அவன் கையிலிருந்த போட்டோவைப் பிடுங்கி அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். "நான் எங்கன இருக்கேன் பாரு. அப்பா இடுப்புல. எட்டு வயசு. புது வண்டிக்கு முன்னால என்னையத் தூக்கி வச்சுக்கிட்டு ஊருக்கே காட்டிக்கிட்டு நிக்கிறாக. வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கல. உனக்கு எல்லாம் இந்தப் படத்துல இருக்கிற மாதிரியே வேணும்ல? வா, தூக்கு. கடைக்குத் தூக்கிட்டுப் போ, சர்ச்சுக்குத் தூக்கிட்டுப் போ. வா!"

அண்ணன் ஆள் அனுப்பினான். பக்கத்துத் தெரு வெல்டர் சின்னக்கருப்பு வந்து, நான் காட்டிய பழைய இடத்திலேயே துளை போட்டுக் கம்பியை ஏற்றினார். புதுப் பெயிண்ட் சுற்றிலும் கருகிப்போனது. கருகட்டும். இருட்டுவதற்குள் நானே ஓட்டிக்கொண்டு தேனிக்கு வந்தேன்.

மறுநாள் நிச்சயத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது உத்தமபாளையத்துக்காரர்கள் வாசலில் நின்றிருந்தார்கள். வண்டியை அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினேன். அண்ணன் ஓடி வந்து கதவை மறைத்தாற்போல் நின்று, சீக்கிரம் உள்ளே போகலாம் என்று என் கையைப் பிடித்தான். உதறினேன்.

மாப்பிள்ளையின் அம்மா சுகிர்தம் அண்ணன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "பொம்பள கார் ஓட்டி இப்பத்தான் பாக்குறேன். இதென்னம்மா, எந்த வண்டியிலயும் இல்லாத கம்பி?"

அண்ணன் வாயைத் திறப்பதற்குள் சொன்னேன்.

"இது என் இடது காலு. நேத்து வரைக்கும் எங்க அண்ணன் வீட்டு ஜன்னலுக்கு முட்டுக்கொடுத்துக்கிட்டு நின்னுச்சு."