அப்பா ஆபரேஷன்ஸில் இருக்கிறார்

…பேராவூரணியிலேயே இறங்கியிருக்கலாம், வயிற்றுவலி சார் என்று ஒரு பொய், பத்தோடு பதினொன்று அத்தோடு இதுவும் ஒன்று என்று போயிருக்கும், இறங்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்தாயிற்று, இதோ ரயில் மறுபடி நிற்கிறது, எதிரே மேலாளர் சார்லஸ் சார் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, என்ன சிவா, ஸ்டேஷனா என்கிறார், இல்ல சார், கேட்டு என்கிறான் சிவபிரகாஷ். இந்தத் தடத்தில் பல கேட்டுகளுக்கு நிரந்தர ஆள் கிடையாது, கேட் கீப்பர்கள் இரண்டு பேர் ரயிலிலேயே வருவார்கள், கேட்டுக்கு முன்னால் வண்டி நிற்கும், முன்னால் இருப்பவர் இறங்கி ஓடிக் கேட்டைச் சாத்துவார், பச்சைக்கொடி காட்டி, ஊர்ந்து வரும் வண்டியில் தொற்றி ஏறுவார், தாண்டியதும் வண்டி மறுபடி நிற்கும், பின்னால் இருப்பவர் இறங்கித் திறந்துவிட்டு ஏறுவார், அப்புறம் கொஞ்ச தூரம், அப்புறம் அடுத்த கேட்டு… அறந்தாங்கிக்காரர்களுக்குப் பழகிவிட்டது, சார்லஸ் சார் சென்னைக்காரர், வாயைப் பிளந்து பார்க்கிறார். இப்போது சட்டை பின்னால் தொங்க, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர் ஆவுடையப்பன், பட்டாளத்திலிருந்து வந்து இந்த ஒப்பந்த வேலையில் சேர்ந்தவர், சிவபிரகாஷின் அப்பா.

அப்பா என்ன பண்றாங்க என்று வேலைக்குச் சேர்ந்த அன்று இதே சார்லஸ் சார்தான் கேட்டார், ரயில்வேயில ஆபரேஷன்ஸ் சார் என்றான், பொய்யா அது, இல்லையே, கேட்டைச் சாத்துவதும் ஆபரேஷன்தானே, ஆனால் அவர் மனதில் ஏசி அறையில் இரண்டு போன் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஓர் அதிகாரி வந்திருப்பார், வரட்டுமே என்று சும்மா இருந்தது யார்? இருந்துவிட்டு, பெங்களூரில் ஏசியில் உட்கார்ந்து டர்பைன் எஞ்சின் வரைகிறான், விமானத்தில் இருக்கிற மாதிரி எஞ்சின், மேலே மின்கம்பி வேண்டாம், மணிக்கு இருநூறு கிலோமீட்டர், கம்பி இழுக்காத தடங்களுக்கு அதிவேகப் பயணிகள் ரயில், அதற்குத் தடம் பார்க்கத்தான் இந்தப் பயணமே. நம்ம எஞ்சின இங்க விட்டா அறந்தாங்கி போறதுக்குள்ள டேங்க் காலி சிவா என்று சிரிக்கிறார் சார்லஸ் சார், உண்மைதான், டர்பைனின் சாபக்கேடு அது, சும்மா நின்றாலும் எண்ணெயைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஓர் அங்குலம் நகராமல் உள்ளே மட்டும் கொதிக்கும், இப்போது நான் உட்கார்ந்திருப்பதைப் போல… உவமையெல்லாம் நன்றாகத்தான் வருகிறது, எழுந்துபோய் அப்பா என்று ஒரு வார்த்தை கூப்பிடத்தான் துப்பில்லை.

முன்னேற்பாடு வேறு செய்தான், அதை நினைத்தால்தான் கூசுகிறது, போன வாரமே அம்மாவுக்குப் போன் போட்டு அப்பாவுக்கு எந்தெந்த நாள் டூட்டி என்று கேட்டான், அக்கறையாகக் கேட்கிற மாதிரி, அம்மா செவந்திக்கு அதிலேயே மனம் குளிர்ந்துவிட்டது, வெள்ளிக்கிழமை இல்லப்பா, ஏன் கேக்குற, நீ அந்த வண்டியிலயா வாரே என்றாள், ஆமா, ஆபீஸ் வேலையா வாரேன் என்றான், வெள்ளிக்கிழமை டிக்கெட் எடுத்தான். பேராவூரணியில் டூட்டிக்கு ஏற வந்த அப்பாவைப் பார்த்ததும் பதறிப்போய் அம்மாவை அழைத்தால், ஒன் வண்டியிலயே வரணும்னு கூட வேலை பாக்குற ஆனந்தராஜ்கிட்ட டூட்டிய மாத்திக்கிட்டாருப்பா, பாத்தியா, பேசுனியா? கூட்டமா இருக்கும்மா, அப்புறம் பேசுறேன்… பெட்டியில் பாதி இருக்கை காலி. அப்பா பிளாட்பாரத்தில் நடந்தவர் இவன் ஜன்னலைப் பார்த்தார், சிரிக்க வாயெடுத்தார், எதிரே இருந்த சார்லஸ் சாரைப் பார்த்தார், இவன் குனிந்து பையில் எதையோ தேடினான், என்ன தேடினான், ஒன்றுமில்லை, நிமிர்ந்தபோது அவர் போய்விட்டிருந்தார்.

சிவா, அந்தப் பெரியவர ஒரு வீடியோ எடுங்களேன், நம்ம பிரசன்டேஷனுக்கு முதல் படமே அதுதான், வேகம் ஏன் வேணும்னு பக்கம் பக்கமா எழுத வேண்டாம், பார்த்ததும் மொத்த மீட்டிங்கும் சிரிச்சிரும்… வேண்டாம் சார் என்று சொல்ல ஒரு வினாடி இருந்தது, அந்த வினாடியில் கை போனை எடுத்துவிட்டது, ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டிவிட்டது, அப்பா கேட்டைச் சாத்திவிட்டுக் கொடியை ஆட்டுகிறார், மூச்சு வாங்குகிறது, அந்தப் பக்கம் ஒரு மொபெட்காரர் அவரை ஏதோ திட்டுகிறார், வண்டி ஊர்கிறது, அப்பா நெருங்கி நெருங்கி வந்து ஜன்னலுக்கு நேராக நிற்கிறார், இவனைப் பார்க்கிறார், போனைப் பார்க்கிறார்.

“சார், கைய உள்ள எடுத்துக்கிருங்க. கருவ மரம் அடிச்சுப்புடும்.”

“சரிங்க.”

சரிங்க… பிறந்ததிலிருந்து சரிப்பாதானே, இந்த ‘ங்க’ எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது, அவர் சார் என்றதும் முதலில் நெஞ்சில் வந்தது வலி இல்லை, நிம்மதி, அப்பாடா, காட்டிக்கொடுக்கவில்லை என்ற நிம்மதி, சீ, என்ன பிறவி நான். ரொம்ப மரியாதையான ஆளு என்கிறார் சார்லஸ் சார். ஆமா சார் என்கிறான்.

ஆயிங்குடிக்கு முன்னால் வண்டி மறுபடி நிற்கிறது, இந்தத் தடவ முழுசா எடுங்க, அவர் ஓடுறதுதான் முக்கியம் என்கிறார் சார்லஸ் சார், போன் மறுபடி கம்பிக்கு வெளியே போகிறது, அப்பா இறங்குகிறார். ஓடவில்லை. நின்று சட்டையை உள்ளே விட்டுக்கொள்கிறார், துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துத் துண்டை மடித்துப் பைக்குள் வைக்கிறார், பட்டாளத்து நடை நடந்துபோய்க் கேட்டைச் சாத்துகிறார், கொடியை விரித்து நெஞ்சை நிமிர்த்தி நேராகப் போனைப் பார்த்து நிற்கிறார், ஸ்டுடியோவில் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி, ராத்திரி வீட்டுக்குப் போய்ச் சொல்வார், ஒம் மகன் என்னய வீடியோ எடுத்தான்டி செவந்தி, வேலையில இருக்கயில எடுத்தான்… சார்லஸ் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். சிவபிரகாஷ் தன் கையைப் பார்க்கிறான், நடுங்கும் என்றுதான் நினைத்தான், நடுங்கவில்லை, படம் கொஞ்சமும் ஆடாமல் பதிவாகிக்கொண்டிருக்கிறது.