ஆளுக்கு முன்னால் வந்த பெட்டி

லாரி ஆபீஸ் ஆள் பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போனபோது, உண்ணாமலை தறிக்குழிக்குள் காலை விட்டபடி ஒரு முகூர்த்தப் புடவையின் முந்தானையை நெய்துகொண்டிருந்தாள். பச்சை வர்ண இரும்புப் பெட்டி. மேலே வெள்ளை எழுத்தில் அவள் புருஷன் ஜெயச்சந்திரனின் பெயரும் கடற்படை நம்பரும். ஆளைக் காணோம்.

ஊடுநூலை ஓட்டிக்கொண்டிருந்த நாடா அவள் கையில் நின்றது.

சேவூரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். எழுபத்தொன்றில், பாகிஸ்தான் சண்டையின்போது, எதிர்வீட்டுப் பாஞ்சாலையின் மகன் செத்தபோதும் முதலில் அவன் பெட்டிதான் வந்தது. தந்தி மறுநாள் வந்தது.

பாஞ்சாலைதான் முதலில் அலறினாள். மாமனார் அருணகிரி பூட்டை உடைத்தார். மடித்த வெள்ளைச் சீருடைக்குக் கீழே வாத்துக்கால் மாதிரி இரண்டு ரப்பர் செருப்பு, கண்ணாடி பதித்த ஒரு முகமூடி.

"ஸ்டோர்ல மூட்டை எண்றவனுக்கு இது இன்னாத்துக்கு?" என்றவர், யார் பதிலுக்கும் காத்திராமல் கத்தரியை எடுத்தார். சாவு விழுந்த வீட்டுத் தறியில் கல்யாணப் புடவை இருக்கக் கூடாது. நறுக் நறுக்கென்று தறியின் பாவு நூல் அறுந்து சுருண்டது.

உண்ணாமலை அழவில்லை. பென்ஷன் வாங்கியதும் வீட்டோடு வந்துவிடுகிறேன் என்று அவன் சொல்லிப் பதினொரு வருஷம். அத்தனை வருஷமும் அவளுக்குள் இறுகிக் கிடந்த ஏதோ ஒன்று அந்த நிமிஷத்தில் தளர்ந்தது. இனிமேல் காத்திருக்க வேண்டாம். அந்த நினைப்பு வந்த வேகத்தில் அவளே திடுக்கிட்டாள். யார் காதிலாவது விழுந்திருக்குமோ என்பதுபோலச் சுற்றிலும் பார்த்தாள். பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து, டவுன் பஸ்ஸிலிருந்து வாழைப்பழச் சீப்போடு இறங்கினான் ஜெயச்சந்திரன். கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்தான்.

"அப்பாவுக்கு இன்னா ஆச்சு?"

பாஞ்சாலை மயங்கி விழுந்தாள். அருணகிரி மகனின் தோளைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு ஓங்கி ஓர் அறை விட்டார்.

"பொட்டிய மின்னாடி அனுப்பிட்டு நீ பின்னாடி வருவியா? ஒரு லெட்டர் போட்டா கை ஒடிஞ்சிடுமாடா?"

"நேவி வேலைய உட்டு வந்துட்டேன்பா. நேர்ல சொல்லலாம்னு..."

"இது இன்னாது?" அவர் ரப்பர் செருப்பைத் தூக்கிக் காட்டினார்.

இனி மறைக்க முடியவில்லை. வீட்டில் பயப்படக் கூடாதென்று ஸ்டோர் வேலை எனப் பொய் சொல்லியிருந்தான். கல்யாணமான வருஷமே கொச்சியில் முக்குளிப்பு வேலைக்கு மாறிவிட்டான். கப்பலின் அடிப்பாகத்தைப் பார்ப்பது, மூழ்கிப் போனவர்களை எடுத்து வருவது. பிறகு ஆறு வருஷம் புது ஆட்களுக்குத் தண்ணீருக்கடியில் மூச்சு விடக் கற்றுக்கொடுத்தான். போன வருஷம் ராமேஸ்வரத்துக்குப் பக்கத்து ஊரான மண்டபத்தில், கடலுக்குள் சில ஆராய்ச்சி மாணவர்களைப் பவளப்பாறை பார்க்க இறக்கியிருந்தான்.

"இன்னா கலருப்பா! மறுநாள் காலையில கடப்பாறையோட படகுங்க வந்து நிக்குது. ஒடைச்சி சுண்ணாம்புச் சூளைக்கு எடுத்துகினு போறானுங்க. மனசே ஆறல. அங்கியே வேலை கேட்டு வாங்கிட்டேன். அங்க கீற பசங்களுக்கு முக்குளிக்கக் கத்துத் தரணும், மிச்சம் கீற பாறைய அவங்களோட காப்பாத்தணும்."

"அழுத அழுகைய யாருகிட்டடி திருப்பிக் கேக்கறது?" என்று முனகிக்கொண்டே பெண்கள் கலைந்தார்கள்.

உண்ணாமலை தறிக்குழியின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"ரொம்ப பயந்துட்டியா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவன் நிம்மதியாகியிருப்பான்.

"இல்லீங்க. பயமே வரல. காத்துகினு இருக்கறது முடிஞ்சிச்சின்னு இருந்திச்சி. அதான் இப்ப பயமா கீது."

கடலுக்கடியில் பிணங்களைத் தொட்டுத் தூக்கியவனின் கை, அவள் கையைத் தொடப் போய் பாதியில் நின்றது.

"திரும்பவும் என்னிய இங்க ஒக்கார வெச்சிட்டுப் போனீங்கன்னா, நெசமாவே உங்கள செத்தவரா நெனச்சிடுவேன். படகுல நானும் வர்றேன். நீங்க மேல வர்றத என் கண்ணால பாக்கணும்."

அவன் ரப்பர் செருப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தான்.

"எத்தினி நேரம் நான் செத்தவனா இருந்தேன்?"

"ஒரு மணி நேரம்."

"நாளைக்கே ரெண்டு பேரும் கெளம்பலாம்," என்றான்.