மூன்று டேக்

இருபத்திரண்டு வருஷம், வியாழக்கிழமை தோறும், பிரான்ஸ் தேசமே டிவி முன்னால் உட்கார்ந்து நடிகர் ரெமோன் வாசெலை ஒரு தொடரில் நல்ல அப்பாவாகப் பார்த்தது. பெற்ற மகள் சொலேன் மட்டும் பார்ப்பதில்லை, தொடரையும் சரி, அவரையும் சரி. அவளைக் குறை சொல்ல முடியாது. அவள் அம்மாவை அடக்கம் செய்த அன்று, காட்சி இன்னும் சரியாக வரவில்லை என்று மார்சேயில் சினிமாப் படப்பிடிப்பிலேயே நின்றுவிட்ட புண்ணியவான் அவர்.

இப்போது தொண்டையில் புற்றுநோய். திங்கட்கிழமை குரல்வளையை எடுத்துவிடுவார்கள். அதற்குள் மகளிடம் தன் வாயால் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். போன் செய்தால் அவள் எடுப்பதில்லை.

வெள்ளிக்கிழமை தொடரில் அவருடைய கடைசிக் காட்சி முடிந்ததும் ஒலிப்பதிவாளர் ஒதில், வழக்கம்போல் கேமரா இல்லாமல் வசனத்தை மட்டும் தனியாகப் பிடித்தாள். முடிந்த பிறகும் ரெமோன் மைக்கை விட்டு நகரவில்லை.

"ஒதில், இன்னும் ஒண்ணு இருக்கு. சொந்த விஷயம். பிடிச்சு என் பொண்ணுக்கு அனுப்பிடறியா?"

"அதுக்கென்ன, பேசுங்க. டேக் ஒண்ணு."

பேசினார். நன்றாகத்தான் பேசினார். அதோடு விட்டிருக்கலாம், பாழாய்ப்போன மனுஷன்.

"அவசரப்பட்டுட்டேன். இன்னொண்ணு போகலாம்."

இரண்டாவதில் உடைந்து அழுதுவிட்டார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, "அழுகை தூக்கல். மறுபடி," என்றார். மூன்றாவது அவருக்குத் திருப்தியாக இருந்தது.

ஒதிலுக்கும் நாற்பது வருஷப் பழக்கம். பிடித்ததில் எதையும் எறியமாட்டாள், பொறுக்குவது எடிட்டர் வேலை. நடுவில் அவர் சொன்னதையும் சேர்த்து, இருந்தபடியே மொத்தத்தையும் அனுப்பிவைத்தாள்.

அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள் சொலேன் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலருகே உட்கார்ந்து போனை நீட்டினாள்.

"ரெண்டாவதைக் கேட்டு நானும் அழுதேன், தெரியுமா? உடனே அழுகை தூக்கல்னு சொல்றீங்க. இதுல எது நிஜம்? நான் ஒரு எடிட்டரை வெச்சுக் கேக்கணுமா?"

மூன்றும் நிஜம்தான். சொல்ல வாயைத் திறந்தார். கழுத்தில் டாக்டர்கள் போட்டிருந்த துளை வழியாக வெறும் காற்று வந்தது.

நர்ஸ் வைத்துவிட்டுப் போன சிலேட்டை இழுத்து எழுதினார். 'மூணும்தான். அன்னிக்கு நான் வந்திருக்கணும்.' எழுத்தெல்லாம் கோணிக்கொண்டு போனது. தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பிடிக்கவில்லை. இன்னும் கொஞ்சம் நன்றாக எழுதலாம் என்று துடைக்கத் துணியை எடுத்தார்.

சொலேன் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அழிக்காதப்பா," என்றாள். "போதும்."

சிலேட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கோட்டைக் கழற்றினாள். பிறகு போனை எடுத்து முதல் டேக்கிலிருந்து மறுபடி போட்டாள். அவளோடு பேசிய அந்தக் குரல் இப்போது அதில் மட்டும்தான் இருந்தது.