ஏழாம் மாதிரியில் தந்தையின் பங்கு

1

இக்கதை என் தங்கையின் ஆய்வகத்துக் குளிர்பெட்டியில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன் போன்ற புரதங்களுக்குரிய மரபணுக்களைக் கண்டறிவது அவள் தொழில். பதினொரு நஞ்சுக்கொடி மாதிரிகளில் ஏழாவதில் மட்டும் புதியதொரு மரபணு விழித்துச் செய்தி அனுப்பியிருந்தது. ஏழாவது, அவளே ஈன்று அவளே அளித்தது.

எனவே இவ்வாறு தொடங்கினேன்: அன்னையே, நின் உதிரத்தை அமுதாக்கி மகவுக்கு நீ விடுக்கும்

(அடித்துவிட்டேன். தங்கை படித்துவிட்டாள். "அண்ணா, நஞ்சுக்கொடி பெரும்பாலும் குழந்தையோடது. அதுதான் அம்மாவுக்கு உத்தரவு போடுது, சர்க்கரையை இந்தப் பக்கம் தள்ளுன்னு."

"வயித்துக்குள்ள இருந்தேவா?"

"வெளிய வந்தும் நிறுத்தலையே, பாக்கலையா?")

2

பனிப்பெட்டியுடன் பிரசவ அறைக்கு ஓடும் உதவியாளரை ஆய்வகம் 'ஐஸ்பெட்டி' என்றழைக்கும். அவர்தான் ஐயத்தைக் கிளப்பினார்.

"மேடம், அன்னிக்கு நீங்க மேசையில படுத்திருந்தீங்க. கேக்க ஆளில்லாம அவசரத்துல வெட்டிட்டேன். மாதிரியோட உங்க கருப்பைச் சவ்வும் கொஞ்சம் ஒட்டியிருக்கலாம்."

ஒட்டியிருந்தால், கண்ட மரபணுச் செய்தி தாயினுடையது. மூன்றாண்டு உழைப்பில் மண். அச்செய்தியில் தாயிடம் இல்லாத, தந்தைவழி வந்த மரபணு எழுத்து இருந்தால் அது குழந்தையினுடையது. அவ்வெழுத்தை அறியக் குழந்தையின் கன்னத்துள் பஞ்சுக்குச்சி தேய்த்தல் வேண்டும்.*

* பெற்றோர் இருவரும் கையொப்பமிட வேண்டும் என்பது நெறிக்குழுவின் விதி. பிரசவித்த பன்னிரண்டாம் நாள் தங்கை ஆய்வகம் திரும்பினாள். "பிள்ளையையும் மாதிரின்னு நினைச்சிட்டியா?" என்று கேட்டுவிட்டு மாப்பிள்ளை வீட்டைவிட்டு வெளியேறினார். இருவரும் பேசி எட்டு மாதம்.

3

மாப்பிள்ளையைக் கல்நெஞ்சராக வரைய முயன்றேன். அவர் ஞாயிறுதோறும் குழந்தைக்கு நகம் வெட்ட வருகிறார். தங்கை அடுத்த அறைக்குப் போய்விடுவாள். வில்லன் கையில் நகவெட்டி பொருந்தவில்லை.

4

முடிவு ஒன்று: ஒப்புதல் படிவத்தைக் கிழிக்கிறார். (கடைச்சீட்டையே நான்காக மடித்து வைப்பவர். நீக்கப்பட்டது.)

முடிவு இரண்டு: கண்ணீர் மல்கக் கையொப்பமிட்டு (கண்ணீர் எனதே. நீக்கப்பட்டது.)

நடந்தது: தங்கை படிவத்தை மேசையில் வைத்துவிட்டு, போகாமல் நின்றாள். அவர் இருமுறை படித்தார்.

"வலிக்குமா?"

"வலிக்காது."

"அப்ப நான் பிடிச்சுக்கறேன். நீ தேய்."

கையொப்பமிட்டார். குழந்தைதான் வாய் திறக்கவில்லை. மூன்றாம் முயற்சியில் குச்சியைக் கடித்தது.

5

விடை வியாழனன்று வரும். அதுவரை எழுதாதே என்பது தங்கையின் கட்டளை. வாசகரே, உங்களுக்கு அத்தடை இல்லை. எந்த எழுத்தையும் வைத்து முடித்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளையை மட்டும் எழுப்பி அனுப்பிவிடாதீர்கள். நகம் வெட்டி ஒரு மணி நேரமாயிற்று, இன்னும் உட்கார்ந்திருக்கிறார்.