பார் வைத்த சைக்கிள்

பெயர்ப்பலகையில் 'எஃகு மிதிவண்டி அன்பர் குழாம்' என்று இருக்கும். உள்ளே நுழைந்துவிட்டால் எல்லோரும் சைக்கிள் என்றுதான் சொல்வார்கள். ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பல் டாக்டரின் கார் ஷெட்டில் கூடுவார்கள். காரை வெளியே எடுத்து வெயிலில் நிறுத்திவிட்டு, அது நின்ற இடத்தில் ஏழெட்டு சைக்கிள்களைச் சார்த்தி வைத்து, கார்களால் உலகம் கெட்டுப்போனதைப் பற்றிப் பேசுவார்கள்.

குழாத்தின் கொள்கை ஒன்றுதான். சைக்கிள் என்றால் உழைக்க வேண்டும். ஊதினால் பறக்கிற பந்தய வண்டிகளுக்கு இங்கே வாசலோடு சரி. சாமான் ஏற்ற வேண்டும், மழையில் போக வேண்டும், வாங்கியவனைவிட ஒருநாளாவது அதிகம் வாழ வேண்டும். ஆகவே ஒவ்வொரு வண்டியிலும் முப்பது கிலோ தாங்கும் கேரியர், பித்தளை பெல், அகலமான மட்கார்டு, டைனமோ விளக்கு. அந்தக் கேரியர்களில் இதுவரை ஏறியதிலேயே கனமான சரக்கு பல் டாக்டரின் ஃபிளாஸ்க். மழை வந்தால் வண்டிகளுக்குப் போர்வை போர்த்துவார்கள்.

பல் டாக்டர்தான் தலைவர். வாரத்தில் ஆறு நாளும் எதிரில் இருப்பவரை வாய் திறக்கச் சொல்லிவிட்டுத் தானே பேசுகிறவர். பதில் வருவது அவருக்குப் பழக்கமில்லை. பெயிண்ட் கடைக்காரர் செயலாளர். வெல்டர் உறுப்பினரா இல்லையா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். குழாத்தில் கையால் வேலை செய்யத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு கிடையாது. வெல்டர் மொபெட்டில் வருவார். அதை யாரும் பார்க்காததுபோல் இருந்துவிடுவார்கள்.

மில்லிமீட்டர் கடைசியாகச் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருஷம் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் தரம் பார்த்தவர். தொழிற்சாலையை மூடியபோது, மேஜைமேல் இருப்பதை எடுத்துக்கொண்டு போகலாம் என்றார்கள். அளவு பார்க்கும் வெர்னியர் இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். அது நடந்து எட்டு மாதமாகிறது. அவர் அழவில்லை, குடிக்கவில்லை, முதலாளியைத் திட்டவில்லை. மனைவி முதலில் இதைத் தைரியம் என்று எடுத்துக்கொண்டாள். அப்படியொன்றுமில்லை. பல்லுக்கு ஊசி போட்டபின் கன்னத்தைத் தொட்டால் எப்படியிருக்குமோ, அவருக்குக் காலை முதல் படுக்கும்வரை அப்படி இருந்தது. கன்னம் தன்னுடையதுதான் என்று தெரியும். தொடுகிறவர்தான் வேறு யாரையோ தொட்டுக்கொண்டிருந்தார்.

குழாத்தில் ஒரு ஞாயிறு, சீட் கம்பி ஒன்று ஃப்ரேமுக்குள் இறங்காமல் எல்லோரும் முட்டிக்கொண்டிருந்தபோது, அவர் வெர்னியரை வைத்துப் பார்த்து, "பாயிண்ட் ரெண்டு அதிகம்" என்றார். "அடேயப்பா!" என்றார்கள். எட்டு மாதத்தில் அவரைப் பார்த்து யாரோ சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. பெயரும் அன்றைக்கு வைத்ததுதான்.

மனைவி ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து எடுத்து, எண்ணி அடுக்குகிற அறை. காலை ஆறு மணிக்கு அவள் உள்ளே இருந்தால்தான் ஏழு மணிக்கு யாரையாவது அறுக்க முடியும்.

"அஞ்சரை பஸ்ஸ நிறுத்திட்டாங்க" என்றாள் ஒருநாள்.

"ஓ."

"அடுத்தது ஆறே கால்."

"நடந்தா?"

"நாலு கிலோமீட்டர். இந்த இடுப்ப வச்சுக்கிட்டு நடந்து, அப்புறம் எட்டு மணிநேரம் நிக்கணும். ஒரு சைக்கிள் வாங்கிக்குடுங்க. லேடீஸ் சைக்கிளா பாருங்க. பார் வச்சதுன்னா என்னால காலத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. தெரியும்ல?"

"தெரியும்."

தெரியும்தான். இரண்டு வருஷத்துக்கு முன் படியில் விழுந்து, இடது இடுப்பில் பிளேட் வைத்திருந்தது. இப்போதும் சில நாள் செருப்பை அவர்தான் மாட்டிவிடுவார்.

"லேட்டானா மெமோ" என்றாள். "மூணு மெமோ வந்தா தூக்கி வெளியூர்க் கிளையில போட்டுருவாங்க. ஆறு மணிநேரப் பயணம். வாரத்துக்கு ஒரு லீவு. அப்புறம் நான் அங்க, நீங்க இங்க. பாத்துக்குங்க."

மூலைக் கடையில் ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. நீல நிறம், முன்னால் கூடை. மில்லிமீட்டர் போய் ஹேண்டிலைப் பிடித்துப் பார்த்தார். திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகக் கடைக்காரரிடம் சொன்னார். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தது.

"ரெடிமேடா?" என்றார் பல் டாக்டர். பச்சைக் குழந்தைக்குப் பேட்டரியைத் தின்னக் கொடுக்கிறாயா என்பதுபோல் இருந்தது குரல். "அது தகரங்க. ரெண்டு மழை தாங்காது. நம்மகிட்ட எஃகு இருக்கு, ஆள் இருக்கு. நம்ம ஆள் வீட்டுக்கு நாம ஒரு வண்டி செஞ்சு குடுக்கலேன்னா அப்புறம் எதுக்கு இந்தப் போர்டு?"

"கழட்டிரலாம்" என்றார் பெயிண்ட் கடைக்காரர். "வருஷாவருஷம் ஓசில நான்தான் அடிக்கிறேன்."

"எத்தனை நாளாகும்?" என்று கேட்டார் மில்லிமீட்டர்.

"ரெண்டே வாரம்."

வெல்டர் இருமினார்.

பல் டாக்டர் ஒரு படிவம் தயாரித்துக் கொடுத்தார். 'பயனாளர் விவரம்' என்று தலைப்பு. நாற்பத்திரண்டு கேள்விகள். கிளினிக்கில் நோயாளிகளுக்குக் கொடுக்கும் படிவத்தைக் கொஞ்சம் மாற்றியது என்பதால், பயனாளருக்கு மயக்க மருந்து ஒவ்வாமை உண்டா, செயற்கைப் பல் உண்டா என்றெல்லாம் இருந்தது. இடுப்பு பற்றி ஒன்றும் இல்லை. மில்லிமீட்டர் நாற்பத்திரண்டையும் அச்சடித்ததுபோன்ற கையெழுத்தில் நிரப்பினார்.

அடுத்த ஞாயிறு ஃப்ரேம் பற்றிய விவாதம். வெல்டர் தரையில் சாக்பீஸால் படம் போட்டிருந்தார்.

"அண்ணி எப்படிண்ணே ஏறுவாங்க?" என்றார் மில்லிமீட்டரிடம். "பார் வைக்கலாமா, இல்ல லேடீஸ் ஃப்ரேமா வளைச்சுரட்டா?"

"லேடீஸ் ஃப்ரேம்ங்கறது சைக்கிள் இல்லப்பா, தொட்டில்" என்றார் பல் டாக்டர். "முக்கோணம்தான் பலம். பாரை எடுத்தா முக்கோணம் போச்சு. முக்கோணம் போனா வண்டி ஆடும். ஆடுற வண்டியில வீட்டம்மாவ அனுப்பலாமா?"

மில்லிமீட்டர் வாயைத் திறந்தார். "அவளுக்கு இடுப்புல..."

"இடுப்பு! அதான் நானும் சொல்ல வந்தேன்." பல் டாக்டர் அதைப் பிடித்துக்கொண்டார். "நிமிந்து உக்காரணும். குனிஞ்சு ஓட்டினா இடுப்பு போயிரும். அதுக்கு ஹேண்டில் எவ்வளவு உயரம் வேணும்?"

ஹேண்டில் உயரம் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். அதில் மூன்று கட்சிகள் உருவாகி, ஒன்று உடைந்து நான்காயிற்று. எல்லாம் ஓய்ந்தபின் வெல்டர் மறுபடியும் மில்லிமீட்டரைப் பார்த்தார்.

"அப்ப பார் வச்சுரலாமாண்ணே?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். வேண்டாம் என்று சொல்லியிருந்தால் போதும், பல் டாக்டர் அதிகபட்சம் ஒருவாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார். மில்லிமீட்டருக்கு அது தெரிந்தது. மனைவியின் காலும் ஞாபகத்தில் இருந்தது. இரண்டும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்தன.

"இருபத்தஞ்சு பாயிண்ட் நாலு மில்லி குழாய் போதும்" என்றார்.

கேட்டது அதுவல்ல. ஆனால் சொன்னது சரியான அளவு.

"அடேயப்பா!" என்றார்கள்.

இரண்டு வாரம் ஐந்தாயிற்று. வெல்டர் நான்கு நாளில் ஃப்ரேமைப் பற்றவைத்து முடித்துவிட்டார். மிச்சமெல்லாம் யோசனைக்குச் செலவானது. ஸ்டாண்டு ஒற்றைக்காலா இரட்டைக்காலா என்று ஒரு ஞாயிறு போயிற்று. பச்சையா கரும்பச்சையா என்பதில் இரண்டு ஞாயிறு. மனைவி காலை நாலே முக்காலுக்குக் கிளம்பி நடந்தாள். இடுப்பு சொன்னபடி கேட்ட நாட்களில் நேரத்துக்குப் போனாள். கேட்காத நாட்களில் மெமோ வந்தது.

இரண்டாவது மெமோவைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தாள்.

"பச்சையா கரும்பச்சையான்னு கேக்கறாங்க" என்றார் அவர்.

"கரும்பச்சைன்னா சீக்கிரம் போகுமா?"

"இல்ல."

"அப்ப எந்தக் கழுதையா இருந்தா என்ன? அந்த நீல வண்டி?"

"வித்துருச்சாம்."

அவள் காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்தாள். மின்விசிறிக் காற்றில் மெமோ பறக்கப் பார்த்தது. அவர் அதன்மேல் வெர்னியரை வைத்தார்.

"இதுக்கொன்னும் சொல்ல மாட்டீங்களா?"

"அடுத்த ஞாயித்துக்கிழம முடிஞ்சுரும்னாங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு முடியவில்லை. ஏழுமுறை பெயிண்ட் அடிப்பது என்று முடிவாகியிருந்தது, ஒவ்வொன்றும் காய வேண்டும். ஸ்டாண்டில் தொங்கிக்கொண்டிருந்த ஃப்ரேமை மில்லிமீட்டர் நின்று பார்த்தார். பார் தரைக்கு இணையாக, பிசிறில்லாமல், இடுப்புயரத்துக்கு இருந்தது. இதைச் சொல்லிவிட வேண்டும் என்று ஒரு எண்ணம் வந்தது. வந்த வழியே போயிற்று.

ஒன்பதாவது ஞாயிறு வண்டியை ஒப்படைக்கும் விழா. வண்டிமேல் வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. மனைவிக்கு அன்றைக்கும் வேலை. மதியம் இரண்டரைக்கு ஆஸ்பத்திரி உடையோடு நடந்தே வந்தாள். நாற்காலி கொடுத்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகும் என்று நின்றுகொண்டாள்.

பல் டாக்டர் தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "மிதிவண்டி என்பது ஒரு வாகனமல்ல, அது ஒரு வாக்குறுதி. எஃகு என்பது உலோகமல்ல. அது ஒரு குணம். ஒரு பெண் உழைக்கப் போகிறாள் என்றால்..."

"கால் வலிக்குது டாக்டர்" என்றாள் மனைவி. "துணிய எடுத்துரலாமா?"

எடுத்தார்கள். உண்மையில் அழகான வண்டி. ஷெட்டுக்குள் இருந்த வெளிச்சமெல்லாம் அதன்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கைதட்டினார்கள். பெயிண்ட் கடைக்காரர் கைபேசியில் படம் பிடித்தார்.

"நல்லா இருக்கு" என்றாள். "யாருக்கு இது?"

"உங்களுக்குத்தாம்மா!"

"பார் வச்சிருக்கே."

"அதுதாம்மா வண்டிக்கு முதுகெலும்பு" என்றார் பல் டாக்டர்.

"இருக்கட்டும். எனக்கு முதுகெலும்புக்குக் கீழ இடுப்பெலும்புன்னு ஒன்னு இருக்கு. அதுல பிளேட் வச்சிருக்கு. இந்தக் கால் இவ்வளவுதான் வரும்." காலைத் தூக்கிக் காட்டினாள். ஒரு செங்கல் உயரம் வந்தது.

அந்தக் காலையும் அந்தப் பாரையும் மாறிமாறிப் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் பேசினார்கள்.

"வண்டியச் சாச்சுப் பிடிச்சுக்கிட்டு..."

"ஒரு சின்ன ஸ்டூல் போட்டு ஏறலாமே? கேரியர்லயே கட்டிக்கலாம்."

"ஏறினப்புறம் ஸ்டூல யாரு எடுத்துக் கட்டறது?" என்றாள் மனைவி. "நீங்க காலைல அஞ்சரைக்கு வருவீங்களா?"

"இடுப்புக்குன்னே ஒரு உடற்பயிற்சி இருக்கும்மா" என்றார் பல் டாக்டர், குரலை இறக்கி.

வெல்டர் மில்லிமீட்டரின் பக்கத்தில் வந்து நின்றார். "நான் கேட்டேன்லண்ணே?"

"கேட்டீங்க."

வெல்டர் அவளிடம் திரும்பினார். "அண்ணி, ஒரு வாரம் குடுங்க. பாரை அறுத்துட்டு வளைச்ச குழாய் வச்சுத் தந்துர்றேன்."

"அறுக்கறதா? ஏழு கோட்டு அடிச்சிருக்கு!" என்றார் பெயிண்ட் கடைக்காரர்.

"வேணாம் தம்பி" என்றாள். "மூணாவது மெமோ நேத்தே வந்துருச்சு."

வீட்டுக்கு நடந்தார்கள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். வண்டி சத்தமே போடவில்லை. அவ்வளவு நல்ல வேலை.

"அவங்ககிட்ட சொன்னீங்களா, இடுப்பப் பத்தி?"

"ஆரம்பிச்சேன்."

"ஆரம்பிச்சு?"

"பேச்சு ஹேண்டில் பக்கம் போயிருச்சு."

மருந்துக் கடையைத் தாண்டினார்கள். தையல் கடையைத் தாண்டினார்கள். அவள் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினாள்.

"கோவமா?" என்றார்.

"வரும் வரும்னுதான் நேத்துலேந்து பாத்துக்கிட்டிருக்கேன். வரல. உங்களுது எனக்கும் ஒட்டிக்கிச்சு போல." மறுபடி நடந்தாள். "புதன்கிழம போகணும். அங்க ஆஸ்பத்திரிக்குப் பின்னாலேயே ரூம் தர்றாங்க. படி கிடையாதாம். பஸ்ஸும் வேணாம், சைக்கிளும் வேணாம்."

"ரூம்ல எத்தனை பேர் இருக்கலாம்?"

"கேட்டா ரெண்டு பேருக்குக் குடுப்பாங்க போல. இப்போதைக்கு ஒரு கட்டில்னு எழுதியிருக்கு." அவள் நடையை மெதுவாக்கி, அவர் பக்கம் திரும்பினாள். இந்த ஊரில் அவருக்கு வேலை இல்லை, வயல் இல்லை, வாடகை வீட்டைத் தவிர ஒன்றுமில்லை. நானும் வருகிறேன் என்று சொல்வதற்கு ஒரு தடையும் இல்லை. அவள் காத்திருந்தாள். காத்திருக்கிறாள் என்பதும் அவருக்குத் தெரிந்தது.

"கட்டில் எத்தனை அடி?" என்றார்.

அவள் அவரைச் சற்று நேரம் பார்த்தாள்.

"மூணடி இருக்கும்" என்றாள்.

புதன்கிழமை காலை பஸ் நிற்கும் இடத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் வந்தது. அவள் வலது காலை முதலில் வைத்து, கம்பியைப் பிடித்து, இடது காலை இழுத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு பெண் கை கொடுத்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது.

"அந்தச் சைக்கிள என்ன பண்ணப் போறீங்க?"

"தெரியல."

"காலத் தூக்க முடிஞ்சவங்க யாராவது இருந்தா குடுத்துருங்க."

"சரி."

"கேஸ மூடிட்டுப் படுங்க."

"சரி."

பஸ் கிளம்பியது. திருப்பம்வரை போய், விளக்கைப் போட்டு, திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகுதான் கையசைத்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. கையை உயர்த்தினார். உயர்த்தியதை இறக்க மறந்து அப்படியே நின்றார்.

வேறொரு பஸ் வந்து அவர் முன்னால் நின்றது. கதவு திறந்தது.

"ஏறுங்க" என்றார் டிரைவர்.

"இல்ல."

"ஏறலையா? அப்ப எதுக்குங்க கை காட்டினீங்க?"

மில்லிமீட்டர் யோசித்தார். உள்ளே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

"இது எங்க போகுது?" என்று கேட்டார்.

டிரைவர் சொன்னார். மனைவி போன ஊர் அதில் இல்லை.

"சரி, போங்க" என்றார்.